கைகள் முளைத்த மரம்

2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆம்பூரில் நடந்தது இது. அப்போது நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலை ரயிலைப் பிடித்து, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போவேன். என் கணவர் ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். ஒரே மகள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இருபது வருட உழைப்பில் சொந்தமாக ஒரு வீடு கட்டி, அதற்கு முந்தின ஜூன் மாதம்தான் குடிபோயிருந்தோம்.

புது வீட்டு ஹாலில் ஒரு பெரிய சுவர். வாசலில் நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். அதில் ஒரு வேத வசனப் பலகையும், பக்கத்தில் எங்கள் கல்யாண போட்டோவும் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னால் என் கணவர் ஒரு படத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

பஜாரில் தகட்டில் எழுத்து அடித்துக் கொடுக்கும் ஒரு பாய் கடை இருந்தது. மெஷின்களுக்கு நம்பர் தகடு, டாக்டர் வீட்டுப் பெயர்ப் பலகை, கல்லறைக்குப் பெயர்த் தகடு எல்லாம் அங்கேதான். கம்பெனி வேலையாக என் கணவர் அடிக்கடி போவார். அந்தக் கடையில் புதிதாக, போட்டோவை அலுமினியத் தகட்டில் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு மாதிரிப் புத்தகம் வந்திருக்கும். அதில் நமக்குப் பிடித்ததைக் காட்டினால், சூடு வைத்து அழுத்தி அப்படியே தகட்டில் இறக்கித் தருவார்கள். தோல் பதனிடும் எங்கள் ஊர்க் காற்றில் வெள்ளிக் கொலுசு ஒரு மாதத்தில் கறுத்துப்போகும், காகிதப் படம் பழுப்பேறிவிடும், இந்தத் தகடு மட்டும் அப்படியே இருக்கும் என்று பாய் சொன்னாராம். ஊரில் எல்லோரும் மெக்கா, வேளாங்கண்ணி, திருப்பதி, அருவி என்று வாங்கிப்போனார்கள். என் கணவர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போயிருக்கிறார்.

அங்கே இருந்தவை வெளிநாட்டு ஓவியங்களின் நகல்கள். சர்ரியலிச ஓவியம் என்று பெயராம். கனவில் வருகிற மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை ஒரே படத்தில் இருக்கும். அவர் கொண்டுவந்த முதல் படத்தில் ஒரு பெரிய கூடம். கூரை இருக்கிறது, ஆனாலும் உள்ளே மழை கொட்டுகிறது. தரையெல்லாம் தண்ணீர். நடுவில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் நனையாமல் நிற்கிறது. மூன்றடி அகலம் இருக்கும். அவரே ஆணியடித்து மாட்டினார். லைட்டைப் போட்டால் அந்தத் தகடு நிஜமாகவே ஈரமாக இருப்பதுபோல மின்னும்.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள மழை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நன்றாக நினைவிருக்கிறது, அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அது அக்டோபர்.

அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் குறைய ஆரம்பித்தன. ஊரில் எல்லாக் கம்பெனியிலும் அதே பேச்சு. ஷிஃப்ட்டைக் குறைத்தார்கள், ஓவர்டைம் நின்றது. இவர் வீட்டுக்கு வந்தால் பேசமாட்டார். நான் மட்டும் என்ன? டியூட்டி முடிந்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, சமைத்துவிட்டுப் படுத்தால் போதும் என்று இருக்கும். அவர் பேசாமல் இருந்தது எனக்கு ஒரு வகையில் வசதியாகக்கூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் இரண்டாவது படம் வந்தது. பொட்டல் வெளியில் ஒரு மரம். இலைகளுக்குப் பதிலாகக் கிளை முழுக்கக் கைகள். மனிதக் கைகள். சில விரித்திருந்தன, சில மூடியிருந்தன. மரத்தடியில் காய்ந்த சருகுபோல உதிர்ந்த கைகள் கிடந்தன. சாயங்கால வெளிச்சம். மற்றபடி படத்தில் யாரும் இல்லை.

இதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "இருக்கட்டுமே" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிப்ரவரியில் மூன்றாவது. வெட்டவெளியில் எதிலும் சாயாமல் ஓர் ஏணி நிற்கிறது. அதன் நடுப்படியில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை.

நான் காலையில் ரயிலுக்குப் புறப்பட எழுந்து வரும்போது, அவர் ஹாலில் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் எழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவேன். வார்டுக்குப் போனதும் நான் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு கட்டிலாகப் போய், தூக்கம் வந்ததா, சாப்பாடு இறங்கியதா என்று கேட்டு எழுதுவது. இருபத்து மூன்று வருடம் அதைச் செய்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் சபையின் பெண்கள் வீட்டு வீடாகக் கூடி ஜெபம் நடத்துவோம். மார்ச்சில் எங்கள் வீட்டு முறை வந்தது. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பாட்டும் ஜெபமும் நடக்கும்போதே பலரின் கண் அந்தக் கைமரத்தின் மேலேயே இருந்ததைக் கவனித்தேன். கிளம்பும்போது ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விசுவாசிகள் வீட்டில் இப்படியொரு படம் இருக்கலாமா, இது பிசாசின் வேலை மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் என் கணவரிடம் கத்தினேன். இது வீடா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். ஒரு நர்ஸ் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை. அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஆஃப் கிடைத்த நாளில், அவர் கம்பெனிக்குப் போன பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி மூன்று படங்களையும் கழற்றினேன். ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அதுவரை அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. இவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது, ஓர் அருவியோ வசனமோ அடித்துக் கொடுங்கள் என்று கேட்பதுதான் திட்டம். அப்போது மணி மூன்றரை இருக்கும்.

பாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான ஆள், வெள்ளைத் தாடி, விரலெல்லாம் மை. நான் பெட்ஷீட்டைப் பிரித்ததும் படங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல இந்தப் படத்த வாங்குனது ஒரே ஆளு. நீங்க சார் வீட்டம்மாவா? சிஸ்டர்னு சொல்லியிருக்காரு" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே இருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கடைக்கு வந்த ஒருவரை அப்புறம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, என் எதிரே நின்றுகொண்டு தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். சாருக்கு ஒடம்புக்கு இன்னா?"

ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

என் கணவரின் கையெழுத்து. அச்சடித்த மாதிரி அழகாக இருக்கும் அது. முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவது வரியில் பிறந்த தேதி. பக்கத்தில் ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெற்றிடம். கீழே, தகட்டின் அளவு.

அந்த அளவை எனக்குத் தெரியும். என் மாமனாரின் கல்லறைச் சிலுவையில் இருப்பதும் அதே அளவுத் தகடுதான்.

பாய் மெதுவாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டாராம். சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் மோசமாக இருக்கிறார், முன்னாடியே தயாராக வைத்துவிட்டால் பின்னால் யாருக்கும் பேஜார் இல்லை என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். பல வருடமாகக் கம்பெனி பில்லில் பார்த்துப் பழகிய பெயர் பாய்க்குத் தெரியாதா? தெரிந்தும் அவர் எதிர்த்துக் கேட்கவில்லை. சரி சார், நாளைக்கு வாங்க என்று அனுப்பியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குச் சரியாக வந்து நின்றாராம்.

"தகடு வரலைன்னேன். அடுத்த நாள் மெஷின் ரிப்பேருன்னேன். அப்புறம் கரண்ட்டு இல்லைன்னேன். ஒம்பது நாளா பொய் சொல்லிட்டிருக்கேன் சிஸ்டர். வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாரு, டீ குடிப்பாரு, ஜாஸ்தி பேசமாட்டாரு. நாளைக்கு வாங்க சார்னு சொன்னா, நாளைக்கு வர்றதுக்காகவாவது இருப்பாரு இல்ல?"

வீடு எங்கே என்று கேட்டபோது என் கணவர் சொல்லவில்லையாம். கம்பெனியில் போய்ச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பாய் பயந்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று என்னைக் கண்டுபிடிக்கலாம் என்று இருந்தாராம்.

செல்போனில் என் கணவருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். கம்பெனிக்கு அடித்தேன். சார் மதியமே பர்மிஷன் போட்டுவிட்டுப் போய்விட்டாரே என்றார்கள். வீட்டு போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வீட்டை விட்டு வெளியே வந்த நேரத்தில் அவர் வந்திருப்பாரோ? வெறும் சுவரைப் பார்த்திருப்பாரோ?

பாய் தன் தம்பியைக் கூப்பிட்டு பைக்கில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அங்கே இல்லையென்றால் பாலாற்றுப் பக்கம் பார்த்துவரச் சொன்னார். நானும் எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமலேயே ஓட வேண்டும்போல இருந்தது. பாய் தடுத்தார்.

"நேத்து அவர்கிட்ட, இன்னிக்குக் கண்டிப்பா ரெடியா இருக்கும்னு சொல்லிட்டேன். வருவாரு. நீங்களும் போய்ட்டீங்கன்னா, அவர் வர்றப்ப இங்க யாரு இருப்பா?"

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. நெஞ்சுவலி வந்தவர்களோடு, விபத்தில் அடிபட்டவர்களோடு எத்தனையோ மணி நேரம் இருந்திருக்கிறேன். அங்கே என் கைக்கு வேலை இருந்தது. இங்கே சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதைத் தவிர ஒன்றுமில்லை. தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பாய் அன்று பள்ளிவாசலுக்குப் போகாமல், மெஷினுக்குப் பின்னால் ஒரு விரிப்பைப் போட்டுக் கடைக்குள்ளேயே தொழுதார். ஐந்தரை ஆனது. என் கணவர் வரவில்லை. பாயின் தம்பி போன் செய்து ஸ்டேஷனில் இல்லை என்றார். கால்மணி கழித்து, பாலாற்றுப் பாலத்தின் மேலும் இல்லை என்றார். ஆறு மணி ஆனது. பாய் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

ஆறேகாலுக்கு மேல் அவர் வந்தார். நடந்து வந்தார். பேன்ட்டில் முழங்கால் வரை மணல். வறண்டு கிடந்த பாலாற்றுக்குள் எவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது. கடைப்படியில் ஒரு கால் வைத்தபோதுதான் என்னைப் பார்த்தார். பிறகு என் காலடியில் பெட்ஷீட்டில் கிடந்த படங்களைப் பார்த்தார்.

"கழட்டிட்டியா?" என்றார்.

கோபம் இல்லை. குற்றம் சொல்லவில்லை. மழை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. தொழில் பழக்கமோ என்னவோ, என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"ராத்திரில தூங்குறீங்களா?"

அவர் மறுகையின் விரல்களை மடக்கி எண்ணினார்.

"நாலு மாசம் ஆச்சு" என்றார்.

நாலு மாதம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்.

பாய் டீ வரவழைத்தார். நாங்கள் குடித்து முடித்தோம். பிறகு அந்தச் சீட்டை என்னிடமிருந்து வாங்கி என் கணவரிடமே திருப்பிக் கொடுத்து, "சார், இது என்னால ஆகாது. வேற இன்னா வேணும்னாலும் அடிச்சுத் தர்றேன்" என்றார். என் கணவர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு அவரே எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அவர் பேசினார். ஹாலில் தரையில் உட்கார்ந்து, ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தபடி பேசினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவர் பிரிவில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பெண்களில் நாற்பத்திரண்டு பேரின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரை நிறுத்துவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேகம் குறைந்தவர்கள், அடிக்கடி லீவு எடுப்பவர்கள், தையல் கோணுகிறவர்கள் என்று பார்த்து எழுதியிருக்கிறார். பலர் அவர் சூப்பர்வைசராகச் சேர்ந்த நாளிலிருந்து அவரோடு இருந்தவர்கள். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு மங்குனவங்க பேரத்தான் மொதல்ல எழுதினேன். எங்ககிட்ட தைச்சுத்தான் அந்தக் கண்ணு மங்குச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

நிறுத்தப்பட்ட அன்று அந்தப் பெண்கள் சண்டை போடவில்லையாம். ஒவ்வொருவராக வந்து, போய்ட்டு வர்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதுதான் தாங்கமுடியவில்லை என்றார்.

அந்தக் கைமரப் படம் எதற்கு என்று கேட்டேன். புத்தகத்தில் அதைப் பார்த்தபோது, தன் மனசுக்குள் இருந்ததை யாரோ எங்கேயோ ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த மாதிரி இருந்ததாம். "எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியல. மாட்டி வச்சா நீ பாத்துப் புரிஞ்சிக்குவேன்னு நெனச்சேன்" என்றார். நான் பார்த்ததெல்லாம் அது அழகாக இருக்கிறதா, வந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைத்தான்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை, கவுன்சலிங் என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். பிறகு ராணிப்பேட்டையில் ஒரு சின்னக் கெமிக்கல் கம்பெனியில், ஸ்டோர் பார்க்கும் வேலை. அவருக்குக் கீழே யாரும் கிடையாது. அந்த நாற்பத்திரண்டு பேரில் சிலரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். இரண்டு பேர் உட்காரச் சொல்லிப் பேசினார்கள். ஒருவர், கண்ணாடி போட்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அந்தம்மா செய்தது சரிதான் என்று வழியில் என் கணவர் சொன்னார்.

திரும்பக் கொண்டுவந்த படங்களில், மழை பெய்யும் கூடத்தையும் ஏணியையும் மறுபடி சுவரில் மாட்டச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். கைமரத்தை மட்டும் அவருடைய அறையில், அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். எனக்கு இன்றும் அதைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் தினமும் பார்க்கிறேன்.

அவர் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. நல்ல நாட்கள் இருக்கின்றன. மகளின் கல்யாணத்தில் அவர் சிரித்த போட்டோ இருக்கிறது. திடீரென்று ஒரு வாரம் முகம் இறுகிவிடும், சாப்பாடு கம்மியாகிவிடும். அப்போதெல்லாம் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு லீவு போடும் வேலையும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் பாய் இறந்துபோனார். இருவரும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவியிடம் நான் அந்த ஒன்பது நாள் கதையைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. தம்பியும், யாரையோ தேடச் சொன்னார் என்பதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்ற, பாய் அதைத் தன் வீட்டில்கூடச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டார். என் கணவர் பாயின் ஜனாஸா ஊர்வலத்தோடு, அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வரை நடந்துபோய்விட்டு, கண் சிவந்து திரும்பிவந்தார்.

அந்த மார்ச் மாதச் சாயங்காலம் ஆற்று மணலிலிருந்து எழுந்து என் கணவர் அந்தக் கடைக்கு வந்தது, தகட்டை வாங்கிப்போகவா, தனக்காகக் காத்திருக்கும் ஒருவரைப் பார்க்கவா என்று நான் இதுவரை கேட்டதில்லை. எதற்காக வந்திருந்தாலும், அந்த ஒன்பது நாளும் என் கணவரை உயிரோடு வைத்திருந்தது நான் இல்லை என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.